பூஜ்யத்தில் நின்ற முள்

அன்று மதியம் அந்த அறையில் இருந்தவர்கள்: மைக் முன்னால் உட்கார்ந்திருந்த பெண், அவளுக்குப் பின்னால், மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்ற, அந்த வானொலி நிலையத்தின் டெக்னீஷியனான அவள் புருஷன், கதவுச் சட்டத்தில் சாய்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்த நிலைய அதிகாரி, எல்லோருக்கும் டீ வாங்கி வந்து, இனி அதை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் ஃபிளாஸ்க்கோடு நின்ற டிரைவர். ஸ்பீக்கருக்குள் அவளுடைய தம்பி. அவனையும் இருந்தவர்களில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். மற்ற நாலு பேரையும் சேர்த்து வைத்தாலும் அவன் அளவுக்கு அந்த அறையை அடைத்துக்கொண்டு வேறு யாரும் இல்லை.

கடலோர நிலையம் அது. கப்பல்களோடும் படகுகளோடும் பேசுவது அதன் வேலை. வானிலை சொல்வார்கள். எங்கே மணல்திட்டு, எங்கே விளக்கு அணைந்திருக்கிறது என்று சொல்வார்கள். யாராவது மாட்டிக்கொண்டால் மீட்புப் படகைக் கிளப்பிவிட்டு, அது போய்ச் சேரும்வரை மாட்டிக்கொண்டவனோடு பேச்சுக் கொடுப்பார்கள். பேச்சுக் கொடுப்பதுதான் அவள் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி.

தம்பி ஒரு சின்னப் படகு ஓட்டினான். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, குடிதண்ணீர், சோப்பு, பேட்டரி என்று கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுப்பான். கூட வருகிறவன் அன்று வரவில்லை. தூரத்தில் ஒரு கப்பல் நிற்கிறது, நல்ல கிராக்கி என்று தனியாகவே போய்விட்டான். திரும்பும்போது இன்ஜின் நின்றது. நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போனது. அடியில் எங்கேயோ விரிசல்.

"அக்கா, தண்ணி உள்ள வருது. மெதுவாத்தான் வருது. ஆனா நிக்க மாட்டேங்குது. யாராவது இருக்கீங்களா? ஓவர்."

"இருக்கேன்டா வாண்டு. இங்கதான் இருக்கேன். மீட்புப் படகு கிளம்பிடுச்சு, உன்கிட்டதான் வருது. படகை விட்டு இறங்காத. முழுகினாலும் பாதிதான் முழுகும், அதைப் பிடிச்சுக்கிட்டே இரு. ஓவர்."

இரைச்சல். பிறகு அவன் குரல், அவள் எதுவுமே சொல்லாத மாதிரி.

"அக்கா, ஏன் பேச மாட்டேங்குற? காலையில உன் குடையை எடுத்துட்டு வந்துட்டேன்னு கோவமா? குடை இங்கதான் இருக்கு. நனையவே இல்ல. ஓவர்."

டிரைவர் சிரித்துவிட்டான். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. உடனே ஃபிளாஸ்க்கை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

"குடை கிடக்கட்டும்டா எருமை! படகை விட்டு இறங்காத. அதை மட்டும் செய். ஓவர்."

இப்படியே போனது. அவன் பேசுவது இவர்களுக்குத் துல்லியமாகக் கேட்டது. இவள் பேசுவது அவனுக்குப் போய்ச் சேர்ந்ததாகவே தெரியவில்லை. அவள் புருஷன் மீட்டரைப் பார்த்தான். வெளியே போகும் சக்தியைக் காட்டும் முள் முழுசாக ஏறி நின்றது. திரும்பி வருவதைக் காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. ஒரு சிட்டிகைகூடத் திரும்பவில்லை. எல்லாம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். அவள் தோளில் கை வைத்து, "நம்ம பக்கம் சரியா இருக்கு. நீ பேசு," என்றான். அவள் பேசினாள்.

கடைசியில் தம்பி சொன்னான்: "சரி. அங்க விளக்குத் தூண் ஒண்ணு தெரியுது. எட்டிடற தூரம்தான். இங்க உக்காந்து முழுகறதுக்கு அது மேல். யாரும் வர்ற மாதிரி தெரியல. நான் இறங்கறேன். அக்கா, நீ இருந்தா... சரி விடு. ஓவர்."

அவள் எழுந்து நின்று மைக்கில் கத்தினாள். முள் அசையவே இல்லை.

மீட்புப் படகு போய்ச் சேர்ந்தபோது அவன் படகு பாதி நீரில் அமிழ்ந்து, அவள் சொன்னபடியே, மூழ்காமல் மிதந்துகொண்டிருந்தது. இருக்கை காய்ந்திருந்தது. அதன் மேல் குடை. மறுநாள் தம்பி கரையில் கிடந்தான்.

*

டெக்னீஷியனுக்கு 'முள்ளு' என்று பெயர் வைத்ததே தம்பிதான். வீட்டில் சாப்பிடும்போதுகூட மாமா மீட்டர் முள்ளைப் பற்றித்தான் பேசுகிறார் என்று ஆரம்பித்தான். 'முள்ளு மாமா' என்றான். பிறகு டிரைவர் சொன்னான், அதிகாரி சொன்னார், கடைசியில் கட்டினவளே சொல்லத் தொடங்கினாள்.

முள்ளைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் முடியாது. டிரான்ஸ்மிட்டர் தள்ளிவிடும் சக்தியை ஆன்டெனா வாங்கி வானத்தில் விட வேண்டும். இரண்டுக்கும் இம்பீடன்ஸ் என்கிற மின்தடை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஆன்டெனா கொடுத்ததில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். எவ்வளவு திரும்புகிறது என்பதை அந்த மீட்டர் சொல்லும். முள் பூஜ்யத்துக்குக் கிட்டே வர வர நல்லது. அந்த நிலையத்தில் அது ஒருநாளும் கிட்டே வந்ததில்லை. கோபுரம் பழசு, காற்றெல்லாம் உப்பு. முள்ளு கோபுரத்தின் அடியில் இருக்கும் பெட்டியைத் திறந்து, காயில் என்கிற கம்பிச் சுருளில் ஒரு சுற்றைக் கூட்டுவான், அரைச் சுற்றைக் குறைப்பான். கம்பியை விரல் நீளம் வெட்டுவான். முள் கொஞ்சம் இறங்கும். மறுநாள் பழைய இடத்துக்கே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

"உங்க ஆன்டெனா நம்ம பெரியப்பா மாதிரி," என்றான் தம்பி ஒருநாள். "எதைக் கொடுத்தாலும் பாதியை மூஞ்சிலயே திருப்பி எறியும்."

"ஆமா. நீ என்ன கொடுத்தாலும் முழுசா முழுங்கற ஜாதி," என்றாள் அக்கா. "இம்பீடன்ஸ் ரொம்பப் பொருத்தம்."

"சாப்பாட்டு விஷயத்துல என்னை மாதிரி ஒரு ஆன்டெனா கிடைக்காது மாமா. கோபுரத்துல என்னை ஏத்திவிடுங்க."

அப்புறம் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. மழைக்கு முந்தின நாள் முள்ளு காயிலை லேசாகத் திருகியிருந்தான். மழை வெறித்த அன்று டிரான்ஸ்மிட்டரைப் போட்டுப் பார்த்தால், திரும்பி வரும் முள் பூஜ்யத்தில் நிற்கிறது. அவன் மீட்டரைத் தட்டிப் பார்த்தான். அணைத்துப் போட்டான். பூஜ்யம்.

அவன் ஓடிப்போய் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். மீட்டர் முன்னால் நிறுத்தி, "பாரு," என்றான். அவள் பார்த்தாள். அவளுக்கும் அந்த முள்ளோடு பல வருஷப் பழக்கம். அதன் அர்த்தம் தெரியும்.

"ஒண்ணுமே திரும்பலையா?"

"ஒண்ணுமே திரும்பல."

"அப்போ நான் பேசறது அத்தனையும் போகுதா?"

"அத்தனையும்."

அவள் அவன் தலையைக் கலைத்துவிட்டாள், டிரைவர் பார்த்துக்கொண்டிருந்ததைப் பொருட்படுத்தாமல். அன்று சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் தம்பியும் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். முள்ளு தன் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பேசியதில்லை. காயிலை எந்தக் கோணத்தில் திருகினான் என்று குச்சியை வைத்து மணலில் வரைந்து காட்டினான். தம்பி கண்ணை விரித்து, புரிந்த மாதிரி தலையாட்டினான். "முள்ளு மாமாவுக்கு இனிமே புதுப் பேரு வைக்கணும்," என்றான். "பூஜ்யம் மாமா." அவள் சிரித்த சிரிப்பில் ஐஸ்கிரீம் மடியில் விழுந்தது. அவர்கள் மூவரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்த நாட்களில் அதற்கு மிஞ்சின நாள் இல்லை. முள்ளு பிற்பாடு அந்த நாளைத்தான் அதிகம் வெறுத்தான்.

இடையில் ஒரு கப்பல் கேப்டன் புகார் சொன்னார். "உங்க சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் பாருங்க. ஓவர்."

முள்ளு மனைவியின் கையிலிருந்து மைக்கை வாங்கினான். "இங்க எல்லாம் சரியா இருக்கு. உங்க ரிசீவரைப் பாருங்க," என்றான். 'ஓவர்' சொல்லவில்லை. சொன்னால் அந்த ஆள் மறுபடி பேசுவார்.

*

இறுதிக் காரியம் முடிந்த மறுநாள் முள்ளு தனியாகத் துறைமுகத்துக்குப் போனான். தம்பியின் படகை இழுத்து வந்து கட்டியிருந்தார்கள். தண்ணீரை இறைத்து வெளியேற்றியிருந்தார்கள். ரேடியோ கூரைக்கு அடியில் உயரமாக மாட்டியிருந்ததால் அதன் மேல் ஒரு துளி ஈரம் இல்லை. அது செத்திருக்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான். சாமி கும்பிடும் வழக்கம் இல்லாதவன், ஒரு பழைய ரேடியோ செத்துப்போயிருக்க வேண்டும் என்று அன்று வேண்டிக்கொண்டான். பேட்டரியை மாட்டி சுவிட்சைப் போட்டான்.

துறைமுகத்தில் யாரோ யாரிடமோ கயிறு அறுந்ததற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரேடியோவில் ஒவ்வொரு கெட்ட வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. அவன் சுவிட்சை அணைத்தான்.

அங்கிருந்து நேராக நிலையத்துக்கு வந்து கோபுரத்தில் ஏறினான். டிரான்ஸ்மிட்டரிலிருந்து போகும் தடிமனான கேபிள் மேலே ஆன்டெனாவோடு சேரும் இடத்தில், சுற்றியிருந்த டேப் வெடித்து வாயைப் பிளந்திருந்தது. அவன் இணைப்பைத் திருகிக் கழற்றினான். தண்ணீர் சொட்டியது. உள்ளங்கையில் விழுந்து, மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. கீழே வந்து கேபிளை நடுவில் வெட்டிப் பார்த்தான். உள்ளே செம்பு வலை பச்சை பிடித்துப் போயிருந்தது. அங்கேயும் தண்ணீர்.

நனைந்த கேபிள் சக்தியைத் தின்றுவிடும். மேலே போகும்போது முக்கால்வாசியைச் சூடாக்கித் தின்னும். மிச்சத்தில் ஆன்டெனா ஏதாவது திருப்பி அனுப்பினால், அது இறங்கி வரும் வழியில் அதையும் தின்னும். மீட்டருக்குத் திரும்பி வர எதுவுமே இருக்காது. முள் பூஜ்யத்தில் படுத்துவிடும். முள் பொய் சொல்லவில்லை. திரும்பி எதுவும் வரவில்லை என்று மட்டும்தான் அது சொன்னது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொன்னது அவன்தான். கேட்பதற்கு வேறு கம்பி, வேறு கேபிள். அது நன்றாக இருந்தது. அதனால்தான் தம்பி சாகப்போகும் குரல் அவ்வளவு சுத்தமாகக் கேட்டது.

இதெல்லாம் தெரியாதவன் என்றால் பரவாயில்லை. மழைக்குப் பிறகு முள் தானாகவே நல்லதாகிவிட்டால் முதலில் எதைச் சந்தேகப்பட வேண்டும் என்று பயிற்சிப் பரீட்சையில் ஒரு கேள்வி வரும். அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவன் அவன்.

வெட்டிய கேபிள் துண்டோடு அதிகாரியின் அறைக்குப் போனான். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. மேஜையில் வைக்கச் சொன்னார். அதற்கடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்தார்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினார். "பையனோட ரிசீவர்ல கோளாறுன்னு முடிச்சுடலாம். செத்தவனுக்கு வேலை போகப்போறதில்ல. உங்க வீட்டம்மாவை நினைச்சுப் பாருங்க. கூடப் பொறந்தவனையும் தூக்கிக் கொடுத்துட்டு, புருஷனையும் இப்படிப் பார்க்கணுமா?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பான்.

*

அவள் விடுப்பில் வீட்டில் இருந்தாள். அழுவதை நிறுத்தியிருந்தாள். அழுகைக்குப் பதிலாகத் திட்டு வந்தது.

"தலைபாடா அடிச்சுக்கிட்டேன், அந்த ரேடியோவை மாத்துடான்னு. மாத்தினானா? புதுச் செருப்பு வாங்கத் தெரிஞ்சுது. தலைக்குச் சாயம் அடிக்கத் தெரிஞ்சுது. உசிரைக் காப்பாத்தற சாமானை மட்டும் மாத்தத் தெரியல. ஊதாரி."

பாத்திரம் கழுவும்போது திட்டினாள். துணி மடிக்கும்போது திட்டினாள். அவன் போட்டோவைச் சுவரில் மாட்டலாமா என்று முள்ளு கேட்டதற்கு, "எதுக்கு? அலட்சியத்துக்கு மாலை போடவா?" என்றாள். போலீஸ்காரர் கொண்டுவந்து கொடுத்த குடையை விரித்துக்கூடப் பார்க்காமல், கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினாள்.

ஒருநாள் அவள் அம்மா போனில் அழுதாள். இவள் நடுவில் வெட்டினாள்: "சும்மா அழாதம்மா. உன் பிள்ளை அவன் பண்ண அலட்சியத்தாலதான் போனான். நீ கொடுத்த செல்லம் அது. நான் தொண்டை கிழியப் பேசினேன். அதைக் கேட்டு வாங்கிக்க ஒழுங்கா ஒரு ரேடியோ வெச்சுக்கல அவன்." அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அம்மா கூப்பிடவில்லை. இவளும் கூப்பிடவில்லை.

திட்டுவது அவளைத் தாங்கிப் பிடித்திருந்தது என்பது முள்ளுக்குத் தெரிந்தது. அதைப் பிடுங்கினால் அவள் விழுந்துவிடுவாள் என்று அவன் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். சமாதானம் சொல்ல அவனுக்கு வேறு காரணமும் இருந்தது. அதை மட்டும் அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவள் ஒருமுறை நேராகவே கேட்டாள்.

"நீங்கதானே போய்ப் பார்த்தீங்க. அவன் ரேடியோ செத்துதான் கிடந்துச்சா?"

"ம்."

அவ்வளவுதான். வாயைத் திறக்கக்கூட இல்லை. மூடின வாய்க்குள்ளேயே சொன்ன பொய். அவள் தலையை ஆட்டிவிட்டு, தம்பியை இன்னொரு வசவு வைதுவிட்டு, சாப்பிட்டாள்.

கேபிளை வெட்டிப் பார்த்த மறுநாளே முள்ளு புதுக் கேபிள் போட்டிருந்தான். டிரைவர் கீழே நின்று கயிறு பிடித்தான். ஏன் மாற்றுகிறோம் என்று அவன் கேட்கவில்லை. பழைய கேபிளைச் சுருட்டும்போது அதன் நுனியிலிருந்து வழிந்த தண்ணீரைப் பார்த்தான், முள்ளுவின் முகத்தைப் பார்த்தான், பிறகு வேறு பக்கம் பார்த்தான். புது இணைப்பின் மேல் முள்ளு டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "போதும்ணே, பிள்ளைக்குக் கட்டுப் போடற மாதிரி சுத்தறீங்க," என்றான் டிரைவர் கீழேயிருந்து. அவன் சொன்ன பிறகும் சுற்றினான்.

டிரான்ஸ்மிட்டரைப் போட்டான். திரும்பி வரும் முள் எழுந்தது. மழைக்கு முன்னால் இருந்த அதே பழைய இடத்தில் போய் நின்றது. அது எழுந்ததைப் பார்த்துத்தான் அவனுக்கு முதல்தடவையாக அழுகை வந்தது.

*

அவள் வேலைக்குத் திரும்பினாள். டிரைவர் அவள் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தான். அதிகாரி, "ரெண்டு நாள் கழிச்சு வந்திருக்கலாமேம்மா," என்றார். "வீட்டுல இருந்தா அவனைத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன் சார். இங்க வந்தா கப்பல்காரங்களைத் திட்டலாம்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். முள்ளும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தான்.

அவள் ஹெட்ஃபோனை மாட்டி, வானிலையைப் படித்தாள். காற்று, அலை, பார்வைத் தூரம். குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. படித்து முடித்ததும் ஒரு கப்பல் அழைத்தது. அன்று புகார் சொன்ன அதே கேப்டன்.

"வாங்கம்மா. இன்னைக்குப் பக்கத்து நாற்காலியில உக்காந்து பேசற மாதிரி இருக்கு. அன்னைக்கு உங்க ஆளு என் ரிசீவர் மேல பழியைப் போட்டாரே, ஞாபகம் இருக்கா? நான் அதுல கையே வைக்கல. இன்னைக்கு அதே ரிசீவர்தான். நல்லாத்தானே இருக்கு? அவர்கிட்ட சொல்லுங்க. ஓவர்."

கேப்டன் தமாஷாகத்தான் சொன்னார்.

அவள் பதில் சொல்ல மைக்கின் பொத்தானை அழுத்தினாள். அழுத்தியபடியே மீட்டரைப் பார்த்தாள். திரும்பி வரும் முள் எழுந்து நின்றது. பூஜ்யத்தில் இல்லை. அவள் பொத்தானை விட்டாள், முள் விழுந்தது. அழுத்தினாள், எழுந்தது. எதுவும் பேசாமல் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். பிறகு கண்ணாடித் தடுப்பு வழியாக அவனைப் பார்த்தாள்.

அவன் பார்வையை விலக்கவில்லை. விலக்கியிருந்தால்கூட அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கும்.

"சொல்றேன் கேப்டன். ஓவர்," என்றாள் மைக்கில்.

முறை முடியும்வரை அவள் இடத்தை விட்டு எழவில்லை. கேட்ட கப்பல்களுக்கெல்லாம் பதில் சொன்னாள். மாற்றாளுக்குப் பொறுப்பைச் சரியாக ஒப்படைத்தாள். வீட்டுக்கு நடந்தபோது அவனுக்கு முன்னால் நடந்தாள். தூறல் போட்டது. இரண்டு பேரும் நனைந்தார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் சமையலறை விளக்கைப் போட்டாள். உட்காரவில்லை.

"முள் ஏன் ஏறி நிக்குது?"

பொய் தயாராக இருந்தது. உப்புக் காற்று, காயில் துருப்பிடித்தது, பழையபடி ஆகிவிட்டது. அவள் நம்பினாலும் நம்புவாள். அவன் வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"கேபிள் மாத்தினேன்."

"ஏன்?"

"பழசுல தண்ணி இறங்கியிருந்துச்சு."

"எப்போ இறங்குச்சு?"

"மழையில."

அவள் மனதுக்குள் நாட்களைப் பின்னோக்கி நடத்துவது அவள் முகத்தில் தெரிந்தது. ஐஸ்கிரீம் சாப்பிட்ட நாளில் வந்து நின்றாள்.

"பூஜ்யத்துல நின்னுச்சே."

"அதனாலதான் நின்னுச்சு."

"அன்னைக்கு நான் அவன்கிட்ட பேசினது?"

"கேபிளைத் தாண்டல. தாண்டினது கொஞ்சநஞ்சம். அவ்ளோ தூரத்துக்குப் போயிருக்காது."

"எங்க போச்சு?"

"சூடாப் போச்சு. கேபிள்ளயே."

"நான் சொன்னது அத்தனையுமா? குடை கிடக்கட்டும்னு சொன்னேனே. இறங்காதன்னு சொன்னேனே."

அவன் தலையசைத்தான்.

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அவன் ரேடியோ?"

"நல்லா இருந்துச்சு."

"நீங்க போட்டுப் பார்த்தீங்க."

"பார்த்தேன்."

"பார்த்துட்டு வந்துதான் 'ம்'னு சொன்னீங்க."

"உனக்கு நல்லதுன்னு..."

"எனக்கா?"

குழாய் சொட்டியது. அவள் போய் அதை இறுக்கினாள். எப்போதும் போல இப்போதும் சொட்டுவது நிற்கவில்லை. முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"கேப்டன் சத்தம் கம்மின்னு சொன்னப்போ என்ன சொன்னீங்க?"

"ரிசீவரைப் பாருங்கன்னு சொன்னேன்."

"செத்தவனுக்கும் அதையேதான் சொல்லியிருக்கீங்க. அவர் உசிரோட இருக்கார், தப்புன்னு நிரூபிச்சுட்டார். இவன் என்ன பண்ணுவான்?"

அவள் திரும்பினாள். அவன் நினைத்த மாதிரி கத்தவில்லை. கையை ஓங்கி அடிப்பாள் என்றுகூட அவன் எதிர்பார்த்தான். அது நடந்தால் தேவலை என்றிருந்தது.

"கேபிள் நனைஞ்சதுக்கு உங்கள நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள். "மழை. யாருக்கும் நனையும். ஆனா நான் அவனைத் திட்டினேனே, இத்தனை நாளா. இதே இடத்துல நின்னு. ஊதாரின்னேன், அலட்சியம் புடிச்சவன்னேன். நீங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்க. ஒரு தடவையாவது கை நின்னுச்சா? பெத்தவகிட்டயே உன் பிள்ளை அலட்சியத்தால செத்தான்னு சொன்னேன். அப்பவும் நீங்க இந்த ரூம்லதான் இருந்தீங்க."

"இருந்தேன்."

"அவன் என்ன நினைச்சுக்கிட்டு இறங்கினான்னு தெரியுமா உங்களுக்கு? அக்கா குடைக்குக் கோவிச்சுக்கிட்டு பேச மாட்டேங்குறான்னு நினைச்சுக்கிட்டு இறங்கியிருக்கான்."



அவள் வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தாள். தூறல் மழையாகியிருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியிலிருந்த குடையை எடுத்தாள். அவனுக்குத்தான் கொடுக்கப்போகிறாள் என்று அவன் கை தானாக நீண்டது. அவள் அதை விரித்துப் பார்த்தாள். துணியைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மடக்கி, நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"அம்மா வீட்டுக்குப் போங்க. அவங்க முன்னால உக்காந்து எல்லாத்தையும் சொல்லுங்க. முள்ளு, பூஜ்யம், தண்ணி, அந்த 'ம்'. ஒண்ணு விடாம. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நான் ஏற்கெனவே ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன்."

அவன் செருப்பை மாட்டினான். ஈரத்தில் அது காலில் ஏற மறுத்தது. குனிந்து விரலால் நெம்பி மாட்டினான். அதற்குள் அவள் ஏதாவது சொல்வாள் என்று வேண்டுமென்றே மெதுவாகச் செய்தான். படியில் இறங்கி நின்று திரும்பினான்.

"சொல்லிட்டு வரட்டுமா?"

அவள் அவனைப் பார்த்தாள். கதவு மூடியது.

மேல் தாழ்ப்பாள் விழுந்தது. கீழ்த் தாழ்ப்பாள் துருவேறி இறுகிப்போனது; அவர்கள் அதைப் போடுவதே கிடையாது, சரிசெய்கிறேன் சரிசெய்கிறேன் என்று அவன்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். அது நகர மறுத்து முனகியது. அவள் காலால் உதைத்தாள். மறுபடி உதைத்தாள். அது போய்க் குழியில் விழுந்தது. அதற்குப் பிறகு சாவி திரும்பியது.